எலும்பு உயிருள்ள திசுவா?

எலும்பு வெறும் சுண்ணாம்புக் கட்டிதானா, அதற்குள் செல்கள் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். அது உயிருள்ள திசுதான். கோழிக்கால் எலும்பைச் சில நாள் வினிகரில் ஊறவைத்தால் கால்சியம் உப்புகள் கரைந்து, மிஞ்சும் கொலாஜன் என்னும் நார்ப்புரதம் ரப்பர்போல வளையும். நம் எலும்பின் உறுதியும் இவ்விரண்டின் கூட்டால் வருவதே.

மனிதத் தொடை எலும்பின் கெட்டியான பகுதியைக் குறுக்கே மெல்லியதாகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால், ரத்தக்குழாய் ஓடும் ஹாவர்சியன் கால்வாயைச் சுற்றி, வெட்டிய மரத்தின் வளையங்களைப் போல அடுக்கடுக்கான தகடுகள் தெரியும். அவற்றுக்கிடையே உள்ள சிறு குழிகளில் ஆஸ்டியோசைட் என்னும் முதிர்ந்த செல்கள், மயிரிழையினும் மெல்லிய கால்வாய்கள் வழியே ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு பல ஆண்டுகள் வாழ்கின்றன. இவை முன்பு ஆஸ்டியோபிளாஸ்டுகளாக, அதாவது எலும்பைக் கட்டும் செல்களாக, கொலாஜனைச் சுரந்தவை. கட்டிய சுவருக்குள் தாமே அடைபட்ட கொத்தனார்கள் எனலாம். பல உட்கருக்கள் கொண்ட ஆஸ்டியோகிளாஸ்ட் என்னும் வேறு செல்களோ அமிலம் சுரந்து பழைய எலும்பைக் கரைக்கின்றன. இவற்றை வெறும் அழிப்பான்கள் என்பது சரியன்று. இவை முதலில் குழி தோண்டினால்தான் நுண்விரிசல் விழுந்த இடத்தில் புது எலும்பு படியும்.