கைதிகளின் மனைவிமாரைச் சந்திப்பது பற்றி

வணக்கம் தங்கச்சி. போதைப்பொருள் வழக்கில் உள்ளே இருப்பவர்களின் மனைவிமாரை ஆய்வுக்காகப் பார்க்க, கோயில் தலைவரோடு மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்ட வீடுகளுக்குப் போனதாகவும், எல்லாரும் "அவர் சிங்கப்பூரில் வேலை" என்று கதவைச் சாத்தியதாகவும் எழுதியிருந்தீர்கள்.

தலைவரோடு போனதுதான் சிக்கல். களங்கம் நெருங்கிய உறவுகள்மேலும் ஒட்டும் என்று சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1963இலேயே எழுதிவிட்டார். என் சின்னம்மா கணவரைப் பார்க்கச் சிறைக்குப் போகும் நாளில் விடியுமுன் மார்க்கெட் கூடையோடு கிளம்பி, அடுத்த ஊர் வரை நடந்து பஸ் ஏறுவார். கூடையில் ஒன்றும் இருக்காது. பிள்ளைகளுக்குக்கூடத் தெரியாது.

அதனால் தனியாக, ஈப்போ மாதிரி வெளியூரில் சந்தியுங்கள். சம்மதப் படிவத்தில் கையெழுத்து என்றாலே அவர்களுக்குப் போலீஸ் ஞாபகம்தான் வரும். வாய்மொழிச் சம்மதம் போதுமா என்று உங்கள் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் கேளுங்கள். அப்புறம், பெயரை மட்டும் மாற்றினால் போதாது. "நாசி லெமாக் விற்கிறார், மூன்று பெண் பிள்ளைகள்" என்று எழுதினால் தோட்டமே ஆளைக் கண்டுபிடித்துவிடும். அச்சுக்குப் போகுமுன் அவரவர் பகுதியை அவரவரிடமே வாசித்துக் காட்டுங்கள். எடுக்கச் சொல்வதை எடுத்துவிடுங்கள், நல்ல வரியாக இருந்தாலும் சரி.