குளிர்காலம் முழுக்க கேம்பர் வேன் பேட்டரியை வேனிலேயே விடலாமா?

கனடா மாதிரி இடத்தில் நவம்பர் முதல் ஏப்ரல் வரை வேன் நிற்கும் என்றால், ஈய-அமில டீப் சைக்கிள் பேட்டரியை (வேனுக்குள் விளக்கு போன்றவற்றுக்கு நீண்ட நேரம் மின்சாரம் தரும் வகை) வேனிலேயே விடலாம். ஆனால் முழு சார்ஜில் இருக்க வேண்டும். முழு சார்ஜில் அதன் அமிலம் மைனஸ் 50 டிகிரியிலும் உறையாது. சார்ஜ் தீர்ந்த பேட்டரியில் இருப்பது ஏறக்குறைய தண்ணீர்தான். மைனஸ் 10 டிகிரிக்குள்ளேயே உறைந்து பெட்டி பிளந்துவிடும்.

எல்லா சுவிட்சையும் அணைத்தாலும் கேஸ் கசிவு எச்சரிக்கைக் கருவி ராப்பகலாக மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். பலர் கோட்டை விடுவது இங்கேதான். அதனால் நெகட்டிவ் கேபிளை முதலில் கழற்றிவிடுங்கள். மாதம் ஒருமுறை மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள்: 12.6 வோல்ட்டுக்கு மேல் என்றால் நிம்மதி, 12.4-க்குக் கீழே போனால் உடனே சார்ஜ் ஏற்றுங்கள். குறைந்த சார்ஜில் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். அப்புறம் பழைய கொள்ளளவு திரும்பாது.

பக்கத்தில் மின் இணைப்பு இருந்தால், நிரம்பியதும் தானே மிதவை நிலைக்கு (சார்ஜ் குறையாமல் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு மட்டும் மின்சாரம் தரும் நிலை) மாறும் ஸ்மார்ட் சார்ஜர் போதும். மலிவான சாதாரண சார்ஜரை மாதக்கணக்கில் மாட்டி வைக்காதீர்கள், தண்ணீர் வற்றிவிடும். தண்ணீர் ஊற்றும் வகை என்றால் முழு சார்ஜ் ஏறிய பிறகு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுங்கள். தகடு வெளியே தெரிந்தால் மட்டும் முன்பே, அது மூழ்கும் அளவுக்கு.

லித்தியம் பேட்டரிக்கு இது பொருந்தாது. பாதி சார்ஜில் வீட்டுக்குள் வையுங்கள், பூஜ்ஜியத்துக்குக் கீழே சார்ஜ் ஏற்றவே கூடாது.