இரண்டாம் உலகப் போர் நடந்தபோது பிபிசி வானொலி ஏன் பாட்டும் நகைச்சுவையும் ஒலிபரப்பியது?

போர்க்காலத்திலும் மக்களுக்குப் பாட்டும் சிரிப்பும் தேவை என்பது தொடக்கத்தில் பிபிசிக்கே புரியவில்லை. 1939 செப்டம்பரில் எல்லா அலைவரிசைகளையும் ஒன்றாக்கி, செய்தி, அறிவிப்பு, ஆர்கன் இசை என்று ஓட்டினார்கள். விமானத் தாக்குதலுக்குப் பயந்து விளக்குகளை மறைத்த இருட்டடிப்பு நேரத்தில் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்த மக்களுக்குச் சலித்துவிட்டது. அப்புறம்தான் 1940 ஜனவரியில் படைவீரர்களுக்கென்று இலகுவான நிகழ்ச்சிகளோடு தனி அலைவரிசை வந்தது. பொதுமக்களும் அதை விரும்பிக் கேட்டார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது, 1940 ஜூன் 23 அன்று தொடங்கிய 'மியூசிக் வைல் யூ ஒர்க்' (வேலை செய்யும்போது இசை) என்ற நிகழ்ச்சி. ஆயுதத் தொழிற்சாலைகளில் ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்பவர்களுக்கானது. காலையில் அரை மணி, பிற்பகலில் அரை மணி, இடைவிடாத இசை. இயந்திர இரைச்சலை மீறி ஒலிபெருக்கியில் மெட்டு தெளிவாகக் கேட்க வேண்டும்; தூக்கம் வரவைக்கும் மெதுவான பாட்டுகளையும் தவிர்த்தார்கள். நடுவே கைதட்ட வைக்கும் ஓர் அமெரிக்கப் பாட்டுக்கும் அதில் இடமில்லை. தொழிலாளர்கள் வேலையை விட்டுவிட்டுக் கருவிகளால் தட்டத் தொடங்கிவிடுவார்கள் என்று பயம்! கேட்பவரின் கையில் என்ன இருக்கிறது என்பதுவரை யோசித்திருக்கிறார்கள். போர் முடிந்தும் அந்த நிகழ்ச்சி 1967 வரை ஓடியது.

நகைச்சுவையில், நடிகர் டாமி ஹேண்ட்லியின் 'இட்மா' என்ற வானொலி நிகழ்ச்சிதான் முன்னணி. அதில் வரும் ஜெர்மன் உளவாளியின் குரலுக்காக, நடிகர் ஜாக் டிரெய்ன் ஒரு கண்ணாடித் தம்ளருக்குள் பேசினார். பயமுறுத்த வேண்டிய எதிரியை மக்கள் வாரந்தோறும் கேட்டுச் சிரித்தார்கள்.