கணினியில் பூச்சிக்கொல்லி தேடும் படிப்பு: ஒரு தாய்க்குப் பதில்

அன்புள்ள அம்மா,

தாவரச் சேர்மங்களைக் கணினியில் ஆராய்ந்து பயிர்ப் பூச்சிகளுக்கு மருந்து காணும் துறைக்குத்தான் போவேன் என்று உங்கள் மகள் பிடிவாதமாக இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். இதை நம்பிப் பிழைக்க முடியுமா என்பது உங்கள் கவலை. முடியும். ஆனால் எந்த வாசல் வழியாக நுழைகிறாள் என்பதைப் பொறுத்தது அது.

வேம்பிலுள்ள பூச்சிக்கொல்லிச் சேர்மமான அசாடிராக்டினை 1968-இல் பிரித்தெடுத்தார்கள். அதை ஆய்வகத்தில் முழுமையாக உருவாக்கிக் காட்ட 2007 வரை ஆனது. இப்படிச் சிக்கலான சேர்மங்கள் செடிகளில் எண்ணற்றவை. ஒவ்வொன்றையும் பிரித்துப் புழுவுக்குக் கொடுத்துப் பார்க்க ஓர் ஆயுள் போதாது. அதனால் பூச்சியின் நரம்பு இயக்கத்துக்கு இன்றியமையாத அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் போன்ற நொதியின் முப்பரிமாண வடிவத்தை எடுத்துக்கொண்டு, அதன் குழிவுக்குள் எந்தச் சேர்மம் பொருந்தி அதை முடக்கும் என்று கணினியில் கணக்கிடுகிறார்கள். இதுதான் டாக்கிங். ஆட்டோடாக் வினா என்ற மென்பொருள் இலவசம். நொதி போன்ற புரதங்களின் வடிவங்களைச் சேர்த்துவைக்கும், 1971-இல் தொடங்கிய புரதத் தரவு வங்கியும் எல்லோருக்கும் திறந்திருக்கிறது.

இந்த எளிமையில்தான் எனக்குப் பயம். சில வாரப் பயிற்சியில் எந்தச் சேர்மம் எவ்வளவு நன்றாகப் பொருந்துகிறது என்று யாரும் ஒரு மதிப்பெண் பட்டியலைத் தயாரித்துவிடலாம். அந்த மதிப்பெண்ணால் ஒரு புழுகூடச் சாகாது. சேர்மம் பூச்சியின் மேல்தோலையோ குடலையோ கடந்து உள்ளே போக வேண்டும், நஞ்சை முறிக்கும் நொதிகளிடம் தப்ப வேண்டும், இலைமேல் வெயிலைத் தாங்க வேண்டும். அசாடிராக்டினே வெயிலில் சீக்கிரம் சிதைந்துவிடும். தேனீயையும் மீனையும் விட்டுவைக்கவும் வேண்டும். ரோட்டினோன் செடியிலிருந்து வருவதுதான், ஆனால் மீன்களுக்குக் கொடிய நஞ்சு. இவற்றையெல்லாம் எடைபோடத் தெரிந்தவருக்கே இத்துறையில் மதிப்பு.

ஆகவே இளநிலையில் வேதியியலையோ உயிர்வேதியியலையோ பூச்சியியல் உள்ள வேளாண் படிப்பையோ எடுக்கட்டும். கவர்ச்சியான பெயர் கொண்ட புதிய பட்டங்களை இப்போதைக்கு ஒதுக்கலாம். பைத்தான் என்ற நிரல் மொழியும் புள்ளியியலும் கூடவே கற்கலாம். அதற்குத் தனிப் பட்டம் தேவையில்லை. முதுகலைக்கு இடம் தேடும்போது அங்கே புழு வளர்க்கிறார்களா, கணிப்பை உயிருள்ள பூச்சியில் சோதிக்கிறார்களா என்று கேளுங்கள். இல்லை என்றால் எவ்வளவு பெரிய பெயரானாலும் எனக்கு உடன்பாடில்லை.

வேலையைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். பூச்சிக்கொல்லிக்கென்றே கணினியில் உட்காரும் பணியிடங்கள் குறைவு. பெரும்பாலானவை முனைவர் பட்டம் கேட்பவை. ஆனால் இதே திறமையை மருந்து நிறுவனங்களும் தேடுகின்றன. ஒரு கதவு சாத்தியிருந்தால் அடுத்ததைத் தட்டலாம்.

இந்த விடுமுறையில் அவளிடம் ஒரு வேலை கொடுங்கள். பழ ஈயின் அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் வடிவம், அதை முடக்கும் சேர்மமான தடுப்பான் ஒன்று ஒட்டிய நிலையிலேயே, 2000-ஆம் ஆண்டு முதல் வெளியில் இருக்கிறது. தடுப்பானைப் பிரித்தெடுத்துவிட்டு, டாக்கிங் மூலம் மீண்டும் பொருத்திப் பார்க்கட்டும். பழைய இடத்திலிருந்து 2 ஆங்ஸ்ட்ராமுக்குள் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) வந்து உட்கார்ந்தால் முறை சரி. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று அவளே தேடுகிறாளா, அலுத்து மூடிவைக்கிறாளா என்று கவனித்து எனக்கு எழுதுங்கள். எந்தக் கல்லூரி என்பதை அதற்குப் பிறகு பேசுவோம்.