பிராந்தியில் சர்க்கரை இல்லை, எடை மட்டும் ஏன் ஏறுகிறது?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேனுங்க. பீர் குடித்தால் தொப்பை விழும் என்றார்கள், பிராந்திக்கு மாறிவிட்டேன். வாரத்தில் நாலு நாள், ஒரு குவார்ட்டர். அதில் சர்க்கரையே கிடையாதாம். ஆனால் எடை ஏறிக்கொண்டே போகிறது. எப்படிங்க?

பதில்: சர்க்கரை இல்லை என்பது சரிதானுங்க. கலோரி இல்லை என்று யாரும் சொல்லவில்லையே!

பொள்ளாச்சிப் பக்கம் தென்னையில் இறக்கும் நீராவைப் பாருங்கள். இறக்கியதும் தித்திக்கும். குளிர்ச்சியில் வைக்காமல் விட்டால் சில மணி நேரத்தில் நுரைத்துப் புளித்துக் கள்ளாகிவிடும், தித்திப்பும் குறைந்துவிடும். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலாக்கிவிடுகிறது. 100 கிராம் குளுக்கோஸில் சுமார் 400 கலோரி. அது முழுக்கப் புளித்தால் அதிகபட்சம் 51 கிராம் ஆல்கஹால் கிடைக்கும். ஆல்கஹாலுக்குக் கிராமுக்கு 7 கலோரி, ஆக 357. போனது இனிப்புதான், கலோரி பெரும்பாலும் அங்கேயே இருக்கிறது. அப்புறம் காய்ச்சி வடிக்கும்போது மிச்சச் சர்க்கரை பாத்திரத்தில் தங்கிவிடும், ஆல்கஹால் ஆவியாகி வரும். பிராந்தி, விஸ்கி, ரம் எல்லாம் இப்படித்தான்.

உங்கள் பாட்டிலில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். 180 மில்லிக்கு அது 77 மில்லி சுத்த ஆல்கஹால். ஆல்கஹால் தண்ணீரைவிட லேசு, ஒரு மில்லி ஒரு கிராமுக்குக் குறைவு; அதனால் மில்லிக் கணக்கை 7-க்குப் பதில் 5.5-ஆல் பெருக்கினால் கலோரி வந்துவிடும்: ஏறக்குறைய 425. ஏழு இட்லி! நீங்கள் விட்டுவந்த பீர், 650 மில்லி, 5 சதவீதம் என்றால் ஆல்கஹாலில் 180, மாவுச்சத்தில் ஒரு 90, மொத்தம் 270 தான். ஸ்ட்ராங் பீர் என்றால் 400 பக்கம் போகும். அதற்காகப் பீருக்குத் திரும்பச் சொல்லவில்லை. ஆல்கஹால் எவ்வளவு உள்ளே போகிறது என்பதே கணக்கு.

உடம்பில் ஆல்கஹாலைச் சேர்த்துவைக்க இடமில்லை. கல்லீரல் அதைத்தான் முதலில் எரிக்கும், கொழுப்பு காத்திருக்க வேண்டியதுதான். அந்த நேரம் பார்த்துத்தான் தட்டில் பள்ளிபாளையம் சிக்கன் எண்ணெய் மினுக்க வந்து உட்காரும். கோலா கலந்தால் 400 மில்லிக்கு இன்னொரு 170 கலோரி.

விட்டுவிட்டால் ரொம்ப நல்லது. முடியவில்லை என்றால் முதலில் சனிக்கிழமை சம்பள நாள் ஒன்றோடு நிறுத்துங்கள், வாரத்துக்கு 1,275 கலோரி மிச்சம். கோலாவுக்குப் பதில் தண்ணீர்.

ஒன்று கேட்க வேண்டும்: சுகர் மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறீர்களா? கிளிமிபிரைடு மாதிரி மாத்திரை போட்டு வெறும் வயிற்றில் குடித்தால் சர்க்கரை அபாயமாக இறங்கிவிடும். தள்ளாடுவதைப் பார்த்து வீட்டில் போதை என்றே நினைப்பார்கள். குடிப்பதை உங்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்க.