காயின் வாங்கிய காசு திரும்ப வருமா?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். ஆடியோ தொடர்கதை ஆப் ஒன்றில் 2,400 ரூபாய்க்குக் கதை கேட்பதற்கான காயின் வாங்கினேன். 600 ரூபாய் அளவுக்குத்தான் கதை கேட்டிருப்பேன், காரணம் சொல்லாமல் கணக்கை முடக்கிவிட்டார்கள். கேட்டால், "காயின் பணமல்ல, திருப்பித் தர முடியாது" என்கிறார்கள்.

பதில்: காயின் பணமில்லைதான். ஆனால் ரூபாய் கொடுத்துத்தானே வாங்கினீர்கள்? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் நீங்கள் நுகர்வோர். காசை வாங்கிக்கொண்டு கதையை நிறுத்தியது சேவைக் குறைபாடு. கேட்டு முடித்த 600-ஐ மறந்துவிடுங்கள், மீதி 1,800-க்குத்தான் சண்டை.

ஆப்பின் குறைதீர் அலுவலருக்குப் பில்லுடன் மின்னஞ்சல் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததாகச் சொல்லவேண்டும், ஒரு மாதத்தில் தீர்க்கவேண்டும்; 2020 மின்வணிக விதி அது. நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை 1915-இல் அழையுங்கள். தமிழிலேயே பேசலாம். ஆனால் அவர்கள் புகாரைக் கம்பெனிக்குத் தள்ளிவிடுவார்களே தவிர உத்தரவு போட முடியாது. கம்பெனி அதே பதிலை ஒட்டி அனுப்பும், ‘புகார் முடிந்தது’ என்று எஸ்எம்எஸ் வரும். பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்புறம் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். கன்னடம் எழுத வராதே என்று தயங்காதீர்கள், ஆங்கிலத்தில் எழுதலாம்.

"குழந்தை வாங்கிவிட்டது என்று சொல்லட்டுமா?" என்று பலர் கேட்கிறார்கள். 18 வயது நிரம்பாதவர் செய்த ஒப்பந்தம் செல்லாது, உண்மைதான். ஆனால் உண்மையிலேயே பிள்ளை வாங்கியிருந்தால் மட்டும் சொல்லுங்கள். ஒருவர் அப்படித்தான் எழுதிக்கொடுத்தார். பில்லில் செவ்வாய்க்கிழமை காலை 11 மணி. பையன் அந்நேரம் பள்ளியில் கணக்குப் பாடம் படித்துக்கொண்டிருந்தான். கார்டுக்கான ஓடிபியும் அப்பாவின் கைபேசிக்கே வந்திருந்தது. அதோடு அவர் சொன்ன மற்ற உண்மைகளையும் யாரும் நம்பவில்லை.

இதைவிட முக்கியம்: கஸ்டமர் கேர் எண்ணை இணையத்தில் தேடாதீர்கள். முதலில் வருவது திருடன் எண்ணாக இருக்கலாம். டெலிகிராமில் ‘ரீஃபண்ட் வாங்கித் தருகிறேன், பாதி எனக்கு’ என்பவனும் அவன் தம்பிதான். திரையைப் பகிரச் சொல்வான், யுபிஐ பின் கேட்பான். பணம் நம் கணக்குக்கு வர யுபிஐ பின் எண்ணைப் போடவே தேவையில்லை. ஏமாந்துவிட்டால் உடனே சைபர் மோசடிப் புகார் எண் 1930-ஐ அழையுங்கள்.

கணக்கு முடங்கியதைக் காட்டும் திரையை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள். கோபத்தில் ஆப்பை அழித்துவிடாதீர்கள்.