நாவலைச் சித்திரக்கதையாக்கும்போது எதை எடுப்பது?

கேள்வி: யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றை வைத்து 60,000 சொற்களில் ஒரு மாயப்புனைவு நாவல் எழுதியிருக்கிறேன். நண்பர் ஒருவர் வடிவாக வரைவார். சித்திரக்கதையாகவும் குறும்படமாகவும் கொண்டுவர விருப்பம். எங்கே தொடங்குவது? (வாசகர், புத்தூர்)

பதில்: முழு நாவலையும் வரைய இறங்காதீர்கள். அது 300 பக்கத்தைத் தொடும். வாரம் இரண்டு பக்கம் முடித்தாலும் மூன்று வருட வேலை. நாயகன் கிணற்றுக்குள் சுழியோடும் அத்தியாயத்தை மட்டும் 8 பக்கத்தில் செய்து பாருங்கள். நடுவில் கம்பி அடிக்கும் புத்தகத்துக்குப் பக்கங்கள் நாலின் மடங்காக இருக்கவேண்டும்.

பக்கத்துக்கு 5 அல்லது 6 கட்டம், கட்டத்துக்கு ஒரு செயல். 'இறங்கி, நீரைத் தொட்டு, திடுக்கிட்டான்' என்று ஒரே கட்டத்துக்கு எழுதிக் கொடுத்தால் ஓவியர் எதை வரைவார்? அது மூன்று கட்டம்.

நிலாவரையில் மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு. நாவலில் 'நீர் கரித்தது' என்றால் போதும். சுவையை வரைய முடியாதே! முதலில் அவன் படியில் குந்தி, கைநிறைய அள்ளி ஆசையாகக் குடிக்கவேண்டும். பிறகு ஆழம் போய் மேலே வந்து, முகம் சுழித்துத் துப்பவேண்டும். குடிக்கும் கட்டத்தை விட்டால், துப்பும் கட்டம் வாசகருக்கு விளங்காது. ஆழத்தில் அவன் காணும் அதிசயத்தை 2, 4, 6 போன்ற இரட்டைப்படைப் பக்கத்தில் வையுங்கள். தாளைப் புரட்டினால்தான் தெரியும்.

தமிழ்ச் சொற்கள் நீளமானவை. ஒரு பேச்சுக் குமிழுக்குள் 12 சொல்லுக்கு மேல் போனால் படத்தை மூடிவிடும். முதலில் பேசுபவரை இடப்பக்கம் நிறுத்தச் சொல்லுங்கள். போட்டோஷொப்பின் பழைய பதிப்புகளில் யுனிகோட் தமிழ் இடும்போது கொம்பு இடம்மாறினால், தென்னாசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பைத் தெரிவுசெய்யவேண்டும். அச்சகத்துக்குக் கொடுக்கும் பிடிஎஃப்பில் எழுத்துருவைப் பதித்துவிடுங்கள். இல்லாவிட்டால் அவர்களின் கணினியில் எழுத்து குழம்பும்.

குறும்படத்தை அடுத்ததாக வையுங்கள். திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். அங்கே எண்ணங்களுக்கு இடமில்லை. 'சாண்ட்மன்' சித்திரக்கதையால் பெயரெடுத்த நீல் கெய்மனின் 'கொரலைன்' நாவல் 2002இல் வந்தது; 2009இல் படமானபோது, நாவலில் இல்லாத வைபி என்ற பையனைச் சேர்த்தார்கள். நாயகி மனதுக்குள் நினைப்பதைப் படத்தில் யாரிடமாவது சொல்லத்தானே வேண்டும்! உங்கள் நாயகனும் தனியாள் என்றால், கிணற்றுக் கட்டில் ஒரு துணையை நிறுத்துங்கள். கண்டதை அவன் மேலே வந்து சொன்னால், நீருக்கடியில் படம்பிடிக்கும் செலவும் மிச்சமாகும்.

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி, எழுதிய கணத்திலேயே பதிப்புரிமை உங்களுடையது, பதிவு தேவையில்லை. ஆனாலும் நண்பரோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்யுங்கள்: நாவல் யாருடையது, ஓவியம் யாருடையது, விற்பனையில் பங்கு எவ்வளவு. திரைப்பட உரிமையைத் தனியாக, 18 மாதம் என்று எல்லை போட்டே கொடுங்கள். எல்லையில்லாமல் கையெழுத்திட்டால், உரிமையை வாங்கியவர் படம் எடுக்காமல் வைத்திருந்தாலும் இன்னொருவருக்குக் கொடுக்க வழியிருக்காது.